இருபத்தேழு மில்லிமீட்டர்

கொல்லிமலைக்காரர்களின் உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க ஒரு காலத்தில் ஓர் இலாகா இருந்தது. அந்தச் சக்தியை வளர்ப்பது அதன் வேலை அல்ல. நோயைத் தீர்ப்பதும் அல்ல. அளப்பது மட்டும்தான். ‘மலைப்புற எதிர்ப்புச் சக்தி அளவை இலாகா’ என்று காளப்பநாயக்கன்பட்டியில் ஓர் ஓட்டுக் கட்டடத்தின் மேல் பலகை மாட்டியிருந்தார்கள். கட்டடத்தைவிடப் பலகை அரை அடி நீளம். அங்கே நான் ஏழு வருஷம் சம்பளம் வாங்கினவன். ஆகையால் இங்கே சொல்லப்போகிற எதையும் யாரோ சொல்லிக் கேட்டேன் என்று நழுவ முடியாது.

என் பெயர் அர்த்தனாரி. எனக்கு மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலை. முதல் பதினாலு மாதம் மைக்ராஸ்கோப் வரவில்லை. அதற்காக வேலை நிற்குமா? மலையிலிருந்து வந்த மாதிரிகள் ஒவ்வொன்றுக்கும் நேராக ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் என்னுடைய பணிக்குறிப்பில் ‘கூர்மையான பார்வை உடையவர்’ என்று எழுதினார்கள்.

எழுதியவர் அளவை அதிகாரி அருணாசலம். வெள்ளை முழுக்கால் சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லஞ்சம் வாங்கியதில்லை, யாரையும் அடித்ததில்லை. படிவத்தில் இல்லாத ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியாது என்று மனதார நம்பினார், அவ்வளவுதான். இந்த மாதிரி மனிதரிடம் மாட்டிக்கொள்வதைவிட ஒரு லஞ்சக்காரரிடம் மாட்டிக்கொண்டால் எங்கள் மலைக்காரர்கள் பிழைத்திருப்பார்கள்.

சோதனை இப்படி நடக்கும். முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு துளி மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். உடம்பு விழித்திருந்தால் மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து தடிக்கும். அந்தத் தடிப்பின் குறுக்களவு பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த ஆள் ‘எதிர்ப்பாளர்’. குறைந்தால் ‘எதிர்ப்பிலி’. இந்த இரண்டு ஜாதிதான் எங்கள் இலாகாவுக்குத் தெரியும்.

அளப்பதற்கு ஒரு கண்ணாடி அளவுகோல் இருந்தது. மில்லிமீட்டர் அப்போது நாட்டுக்கே புதுசு, கடைத்தெருவில் இன்னும் முழமும் கெஜமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆகையால் அந்தக் கோலுக்கு இருந்த மரியாதை எங்கள் யாருக்கும் இல்லை. நீல வெல்வெட் பெட்டியில் அது படுத்திருக்கும். மலையேறும்போது பியூன் கருப்பண்ணன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போவார். வெயிலில் கோல் நீண்டுவிட்டால் அளவு குறைந்துவிடும் என்று அதற்கு ஒரு குடை, குடை பிடிக்க ஓர் ஆள். அதிகாரி வெயிலில் நடப்பார், நான் அவர் பின்னால் வியர்த்து ஒழுகிக்கொண்டு போவேன், கோல் மட்டும் நிழலில் வரும்.

அறுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் ஆலத்தூர் நாட்டில் ஓடைவளவு என்ற சிற்றூருக்குப் போனோம். நாற்பத்தாறு பேர் கையை நீட்டினார்கள். அந்த வரிசையில்தான் சென்றாயனைப் பார்த்தேன். சாமையும் மரவள்ளியும் போடுகிற ஆள், நாற்பது வயது இருக்கும். தன் கையை நீட்டாமல், பக்கத்தில் பாறையில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையைப் பிடித்து நீட்டினார். இருசாயி என்று பெயர். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வீட்டிலிருந்து அந்தப் பாறைக்கு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க சாமி, இவ ஒரு வருசமா இப்படித்தானுங்க. அடுப்பு மண்ணச் சொரண்டிச் சொரண்டித் திங்கறா. காட்டுக்குப் போனா பாதி வழியில உக்காந்துக்கறா. வகுத்துல புழுன்னு சொல்றாங்க. உங்க ஆபீசுல அதுக்கு மாத்திரை இருக்குதாமா. குடுத்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க” என்றார்.

மாத்திரை இருந்தது. எங்கள் அலுவலகத்தில் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியில் எட்டாயிரம் மாத்திரை இருந்தது.

அருணாசலம் அன்பாகவே விளக்கினார். “இதோ பாரப்பா. அரசாங்க மருந்து தனியாகப் போய் நோயோடு சண்டை போடாது. உடம்பு போடுகிற சண்டைக்குத் துணைக்குத்தான் போகும். சண்டையே போடாத உடம்புக்கு மருந்து கொடுத்தால் அது வீண். முதலில் உன் மனைவி எதிர்ப்பாளர் என்று நிரூபணம் ஆகட்டும். கை தடிக்கட்டும். உடனே மாத்திரை.”

“தடிக்குமுங்களா சாமி?”

“நல்ல குடிமக்களுக்குத் தடிக்கும்” என்றார்.

மூன்றாம் நாள் அளக்க வேண்டும். குடைபிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் நாங்கள் ஐந்தாம் நாள் போனோம். ‘தடிப்பு ஏற்பட்டவர்கள் அதிகாரி வரும்வரை அதைக் கலையாமல் வைத்திருக்கவும்’ என்று முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தோம். தடித்திருந்த ஐந்து பேர் தடிப்பு எதிலும் உரசிவிடக் கூடாது என்று ஊசி போட்ட வலது கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு இரண்டு நாளாய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாற்பத்தொரு பேரின் கையும் வழவழவென்று இருந்தது. இருசாயியின் கையில் ஊசி குத்தின இடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. அருணாசலம் கோலை வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், கடைசியில் ‘பூஜ்யம்’ என்று அறிவித்தார். கருப்பண்ணன் கோலைத் துடைத்துப் பெட்டியில் படுக்க வைத்தார்.

அப்போது எனக்கு மைக்ராஸ்கோப் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி ஓடைவளவின் மல மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு முழுக்கக் கொக்கிப்புழுவின் முட்டை. அந்த ஊரில் விளைகிற மண்ணில் செருப்புக் காலோடு மிதிக்க மாட்டார்கள், அது மண்ணுக்குச் செய்கிற அவமரியாதை. அந்த மண்ணிலிருந்துதான் புழுவின் குஞ்சு பாதத்தைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. கை தடித்த அந்த ஐந்து பேரின் மாதிரியில் முட்டை இல்லை, அல்லது தேடினால் ஒன்றிரண்டு. தடிக்காத நாற்பத்தொரு பேரிடமும் மண்டிக் கிடந்தது. இருசாயியிடம் எண்ண முடியவில்லை.

தடிப்பளவையும் முட்டைக் கணக்கையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு அருணாசலத்திடம் ஓடினேன்.

“சார், இவங்க எதிர்ப்பிலிகள் இல்லை. எதிர்க்க விடாம புழு பிடிச்சு வச்சிருக்கு.”

“புழுவா?”

“ஆமாங்க சார். ஒரு நாள் வந்து போற திருடனுக்கு நாயைப் பத்திக் கவலை இல்லை. வருஷக்கணக்கா அதே வீட்டுல தங்கணும்னு நினைக்கிற திருடன் என்ன பண்ணுவான்? நாயைத்தான் முதல்ல சிநேகம் பிடிப்பான். எதையோ போட்டுப் பழக்கிடுவான். அப்புறம் அந்த நாய் அவனைப் பார்த்தும் குரைக்காது, வேற யாரு வந்தாலும் குரைக்காது. நாம ஊசி போட்டதும் அந்த மாதிரிதான் ஆச்சு. முதல்ல புழுவை வெளியேத்தினா, கை தானா தடிக்கும் சார். மாத்திரையை முன்னாடி குடுத்துடுங்க.”

அருணாசலம் பேனாவை மூடினார். “அர்த்தனாரி, நாய் குரைக்கவில்லை என்றால் வீட்டில் திருடன் இல்லை என்று அர்த்தம். இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம். எதிர்ப்புச் சக்தியைப் பற்றி முடிவு சொல்ல இந்த நாட்டில் இந்த இலாகாவுக்குத்தான் அதிகாரம். ஒரு புழு வயிற்றில் உட்கார்ந்துகொண்டு நம் ஊசிக்கு எதிராக உத்தரவு போடுகிறது என்று நான் மேலே எழுதினால், அந்தப் புழு என்ன கிரேடு என்று கேட்பார்கள். உனக்கு வேலை வேண்டுமா, வேண்டாமா?”

எனக்கு வேலை வேண்டியிருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு சென்றாயன் மலையிறங்கி வரத் தொடங்கினார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. விடியலில் புறப்பட்டால் உச்சிப் பொழுதுக்கு எங்கள் வாசலில் நிற்பார். முதல் தடவை வந்தபோது படிவம் பதினொன்றைக் கொடுத்தோம். ‘தடிப்பு ஏற்படாமைக்கான காரணத்தைச் சம்பந்தப்பட்டவர் எழுத்துமூலம் விளக்குக’ என்று அதில் இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது.

“நான் என்னுங்க தம்பி வெளக்கறது? கையி தடிக்கல, அவ்ளோதானுங்களே” என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் எழுதிக்கொடுத்தேன். ‘என் மனைவியின் கை வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. அரசாங்கத்தின் மீது அதற்கு எந்த வருத்தமும் இல்லை. இந்த ஒரு முறை மன்னிக்கவும்.’ அருணாசலம் படித்துவிட்டு, தொனி நன்றாக இருக்கிறது, ஆனால் கை கையெழுத்துப் போடவில்லையே என்று திருப்பி அனுப்பினார். ஒன்பது நாள் கழித்துச் சென்றாயன் இருசாயியின் பெருவிரல் ரேகையோடு வந்தார். அது இடது கை ரேகை, ஊசி போட்டதோ வலது கை. மறுபடி ஏறினார். மறுபடி வந்தார். இப்போது ஊர்ப்பெரியவரிடமிருந்து, மேற்படி கை இதற்கு முன் எந்தக் குற்றமும் செய்ததில்லை என்று நன்னடத்தைச் சான்று கேட்டோம். அதையும் வாங்கி வந்தார். அதை வைத்துக்கொண்டு இரண்டாவது ஊசி போட அனுமதி கிடைத்தது. புழு அங்கேயே இருக்க, இரண்டாவது ஊசிக்கு மட்டும் கை எப்படித் தடிக்கும்? மறுபடி பூஜ்யம்.

அன்றைக்கு அவர் என் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். “படுத்த படுக்கையா ஆயிட்டாளுங்க தம்பி. கூழு ஊத்துனா ஒரு வாய் குடிக்கறா. கை தடிக்காட்டி மாத்திரை இல்ல. மாத்திரை இல்லாட்டிக் கை தடிக்காது. இதுல நான் எங்கீங்க பூந்து வெளிய வாரது?”

என் பக்கத்திலேயே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எட்டாயிரம் மாத்திரை இருந்தது. எரிச்சல் மண்டையைப் பிளந்தது. யார் மேல் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எதிரில் இருந்தவர் சென்றாயன் என்பதால், “போய்ட்டு அடுத்த மாசம் வாங்கண்ணா, எப்பப் பார்த்தாலும் இங்கயே வந்து நிக்கறீங்க” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் மூன்றாவது ஊசி. மூன்றாம் நாள் ஓடைவளவுக்குப் போனபோது சென்றாயன் மனைவியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து முற்றத்தில் வைத்திருந்தார். இருசாயியின் முன்கையில், ஊசி போட்ட இடத்தில், ஒரு கொப்புளம். சாதாரணக் கொப்புளமா அது? கருஞ்சிவப்பாய், உருண்டு திரண்டு, விளிம்பில் நீர் கோத்து நின்றது. அருணாசலம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். கோல் வெளியே வந்தது.

“இருபத்தேழு!” என்றார். “இருபத்தேழு மில்லிமீட்டர்! இந்த மாகாணத்திலேயே இல்லை!”

நான் குனிந்து பார்த்தேன். மலையில் பிறக்காவிட்டாலும் மலையடிவாரத்தில் வளர்ந்தவன் நான். அது சேங்கொட்டைப் பால். துணிக்குக் குறி போடுகிற கொட்டை. அதன் பால் தோலில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சென்றாயனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இருசாயி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, அதிகாரியைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. தடிப்பு வந்துவிட்டது, இனி மாத்திரை கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். இலாகாவில் அத்தனை நாள் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

செய்தி பரவியது. அடுத்த ஊசிக்கு ஓடைவளவு முழுக்கக் கை நீட்டியது, மூன்றாம் நாள் ஓடைவளவு முழுக்கக் கொப்புளித்திருந்தது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்துமூன்று. ஒருவருக்கு ஊசி போட்ட கையை மறந்து வேறு கையில் தடித்திருந்தது. ‘எதிர்ப்புச் சக்தி உடம்பு முழுவதும் பரவியிருப்பதற்கு அத்தாட்சி’ என்று அருணாசலம் எழுதினார். மூன்றே மாதத்தில் நாற்பத்தொரு எதிர்ப்பிலிகள் எதிர்ப்பாளர்களாக மாறிய ஊர் என்று மேலே அறிக்கை போயிற்று. மேலே இருந்து டைரக்டர் நேரில் வருவதாகத் தந்தி வந்தது.

விழாவைக் காளப்பநாயக்கன்பட்டியில் வைத்தார்கள். டைரக்டருக்கு மலையேற முடியாது, முழங்கால் வலி. ஆகையால் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களை இறங்கி வரச் சொன்னோம். இருசாயியை நாலு பேர் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். மேடையில் அவளால் நிற்க முடியவில்லை. சென்றாயன் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொள்ள, டைரக்டர் அவள் முன்கைக்குச் சால்வை போர்த்தினார். ஆளுக்கு இல்லை, கைக்கு.

அருணாசலம் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை, நெஞ்சிலிருந்து பேசினார்.

“பெரியோர்களே! ஆறு வருஷத்துக்கு முன் நம் இலாகா இந்த மலைக்குள் நுழைந்தபோது ஒருவருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் நுழைந்தோம். நுழைந்த இடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இந்த மலைக்கென்று மேலிருந்து எது வந்தாலும் முதலில் நாம் எடுத்துக்கொள்கிறோம், மிச்சம் மக்களுக்குப் போகிறது. அதனால் நாம் நாளுக்கு நாள் வளர்ந்திருக்கிறோம். இரண்டு அறையில் தொடங்கினோம், இன்று ஏழு கிளை! இத்தனைக்கும் இந்த மக்கள் நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதுண்டா? இல்லை! நாம் இருப்பதே தெரியாதபடி பழக்கியிருக்கிறோம். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை நாமும் இருப்போம். ஆகையால் அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை உள்ளவர் யார்?”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடைக்குப் பின்னால் இருசாயி மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் சென்றாயன் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அருணாசலத்தின் முன் வந்து நின்றார். “சாமி, கையி தடிச்சிருச்சுங்க. மாத்திரையக் குடுத்தீங்கன்னா நேரத்தோட கெளம்பிருவோமுங்க.”

அருணாசலத்துக்கு உண்மையிலேயே புரியவில்லை. “மாத்திரையா? எதற்கு? இருபத்தேழு மில்லிமீட்டர் எதிர்ப்புச் சக்தியை வைத்துக்கொண்டு மாத்திரை கேட்கிறாயே! எதிர்ப்பு இல்லாதவருக்கு மருந்து வீண். எதிர்ப்பு இருப்பவருக்கு மருந்து எதற்கு?”

சென்றாயன் மெதுவாகச் சொன்னார். “அது தடிப்பு இல்லீங்க சாமி. சேங்கொட்டைப் பாலுங்க. நாந்தான் தடவி உட்டேன். மாத்திரை கெடைக்கட்டும்னு பண்ணிப்போட்டேன். தப்புத்தானுங்க. என்னய ஜெயில்ல வேணாப் போடுங்க. அவளுக்கு மாத்திரையக் குடுத்துருங்க.”

“சேங்கொட்டை என்று எந்தப் படிவத்திலும் ஒரு வார்த்தை இல்லை” என்றார் அருணாசலம். “டைரக்டர் சால்வை போட்ட கை அது. அதைப் பொய் என்று சொல்ல நீ யார்? உன் மனைவியின் சாதனையைப் பார்த்து உனக்கே பொறாமை வரலாமா?”

அன்றைக்கு மத்தியானம் அருணாசலம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தபோது, நான் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். பூட்டு ஒன்றும் இல்லை. ஆறு வருஷமாக அதைத் திறக்க வேண்டிய தேவை யாருக்கும் வராததால் பூட்டும் தேவைப்படவில்லை. ஒரு ஆளுக்கு வேண்டிய ஐந்து மாத்திரையை எடுத்துப் புளியமரத்தடியில் காத்திருந்த சென்றாயனிடம் கொடுத்தேன். எப்போது கொடுக்க வேண்டும், பிறகு என்ன சாப்பாடு, என்ன கீரை என்று சொன்னேன். “யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணா” என்றும் சொன்னேன். ஏழு வருஷத்தில் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை வேளையில் அலுவலக வாசலில் ஒரு பெரிய மலைவாழைத் தார் வந்து இறங்கியது. சென்றாயன் சுமந்து வரவில்லை. இருசாயி தலையில் வைத்துச் சுமந்து வந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்க வைத்தவருக்கு முதல் தாரைக் கொண்டுபோய், நாலு பேர் கேட்க, இன்னார் செய்த உதவி என்று சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் வைத்தால் பெற்ற உயிர் தங்காது என்பது நம்பிக்கை. நான் மூச்சு விடாதே என்று சொன்னதை அவர்கள் மதித்துத்தான் மூன்று மாதம் இருந்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! அர்த்தனாரித் தம்பி குடுத்த அஞ்சு மாத்திரையிலதான் நான் எந்திரிச்சு நடக்கறேன்” என்று இருசாயி உரக்கச் சொன்னாள். குமாஸ்தாக்கள் எழுந்து நின்றார்கள். அருணாசலம் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை. இருசாயியை உட்கார வைத்துக் கையில் ஊசி போட்டார். மூன்று நாள் அடிவாரத்திலேயே தங்கச் சொன்னார். மூன்றாம் நாள் கோல் வந்தது. இந்த முறை யாரும் எதையும் தடவவில்லை. கொப்புளம் இல்லை, அழகாகச் சிவந்து, உள்ளபடியே எழும்பிய தடிப்பு. தாளில் நான் எழுதிக்கொண்டு ஓடினது சரியாக இருந்தது. புழு போயிற்று, உடம்பு விழித்துவிட்டது.

“பதினாலு” என்றார் அருணாசலம். பதிவேட்டைத் திறந்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். “மாத்திரை சாப்பிடுவதற்கு முன் இருபத்தேழு. சாப்பிட்ட பின் பதினாலு.” நிமிர்ந்து இருசாயியைப் பரிதாபமாகப் பார்த்தார். “அம்மா, உன் சக்தியில் பாதி போய்விட்டது, தெரியுமா?”

“அப்படிங்களா சாமி?” என்றாள் இருசாயி. “முழுச் சக்தியும் இருந்தப்ப நான் ஏனுங்க படுத்தே கெடந்தேன்?”

‘பாதிக்கப்பட்டவர் தம் இழப்பை உணரும் நிலையில் இல்லை’ என்று அவர் எழுதிக்கொண்டார்.

நான் கத்தினேன். அந்த இருபத்தேழு பொய், சேங்கொட்டை, இந்தப் பதினாலுதான் உண்மை, இதைத்தானே சார் நான் அன்றைக்கே சொன்னேன் என்று கரடியாய்க் கத்தினேன். என் சட்டைப் பையிலிருந்த பழைய தாளை எடுத்து அவர் மேஜையில் போட்டேன். அவர் அதை வாங்கிப் படித்தார். “நீ புழுவைப் பற்றி யோசித்தாய், நான் மாத்திரையைப் பற்றி யோசித்தேன். அதனால்தான் நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன்” என்றார் கனிவாக.

ஆறு வாரத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது. குடல்புழு மாத்திரை மலைவாழ் மக்களின் எதிர்ப்புச் சக்தியைப் பாதியாகக் குறைக்கிறது என்பது அளவை மூலம் நிரூபிக்கப்பட்டுவிட்டபடியால், ஏழு கிளைகளிலும் இருப்பிலுள்ள மாத்திரைகளை உடனே அழிக்கவும். இந்த உண்மை வெளிவரக் காரணமான அர்த்தனாரிக்கு, அனுமதியின்றி மருந்து கொடுத்த குற்றத்தை மன்னித்து, ஆராய்ச்சி உதவியாளராகப் பதவி உயர்வு. உத்தரவை இரண்டு தடவை படித்தேன். ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. வீட்டில் நாலு வாய் இருக்கிறது என்று காரணம் சொல்லலாம். சொன்னாலும் அது காரணம் இல்லை.

அழிப்பதை மேற்பார்வை பார்க்க வேண்டியது ஆராய்ச்சி உதவியாளரின் பொறுப்பு. அலுவலகத்துக்குப் பின்னால் குழி வெட்டி, மாத்திரையைக் கொட்டி, மேலே சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கருப்பண்ணன் மண்வெட்டியோடு நின்றார். அருணாசலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று ஓடைவளவிலிருந்து முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். இருசாயி எழுந்து நடந்ததைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் அஞ்சஞ்சு மாத்திரை கேட்டு வாங்கிப் போகலாம் என்று வந்தவர்கள். குழியைச் சுற்றி நின்றார்கள். சத்தம் போடவில்லை, சண்டைக்கு வரவில்லை. மாத்திரை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சென்றாயனின் அண்ணன் மனைவி சுப்பம்மாளை டோலியில் தூக்கி வந்திருந்தார்கள். இருசாயி முன்பு படுத்துக் கிடந்ததைவிட அவள் நிலைமை மோசமாக இருந்தது. உதடுகூட வெளுத்திருந்தது. சேங்கொட்டை பட்ட இடத்தில் மாறாத தழும்போடு இருந்த கையை என் பக்கம் நீட்டினாள்.

“ஏனுங்க தம்பி, எங்கையி பத்தொம்போதுன்னு எழுதியிருக்கறாங்க. நான் பொழச்சுக்குவனுங்களா?”

அருணாசலம் என்னைப் பார்த்தார். கருப்பண்ணன் சுண்ணாம்பைக் கொட்டத் தொடங்கியிருந்தார்.

“பொழச்சுக்குவீங்கக்கா” என்று சொன்னேன். அவள் கும்பிட்டாள். டோலியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார்கள்.